தம்பியின் சித்திரங்கள்

மனிதன் கண்ட காட்சிகளுள் பெரும்பாலானவை அவனோடு மறைந்துவிடுகின்றன. காலையில் ஒரு தெருவில் நடந்த வாணிகமும், மாலையில் ஆற்றங்கரையில் கூடிய கூட்டமும் சில நாள் நினைவில் நின்று, பின்னர் மங்கிப் போகின்றன. கண்டவர் மறைந்தபின் அவற்றைச் சொல்வாரும் இல்லை. ஆயினும் சில காட்சிகள் மட்டும் இரண்டு நூற்றாண்டுகள் கடந்தும் அழியாமல் நம்மிடம் வந்து சேர்கின்றன. அவற்றைக் கண்டு வரைந்த கை ஒன்று உண்டு. வரைந்ததைப் பேணி உலகுக்கு அளித்த கையும் ஒன்று உண்டு. முதற் கையைப் போற்றும் உலகம் இரண்டாவது கையைப் பெரும்பாலும் நினைப்பதில்லை.

தஞ்சையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழியில் துவாக்குடி, திருவெறும்பூர் முதலிய ஊர்கள் உள்ளன. அவ்வழியே நகரை அடைவோர் மலைக்கோட்டையைக் காண்பர். தாயுமானவர் கோயிலும் உச்சிப் பிள்ளையார் கோயிலும் விளங்கும் அக்குன்றினைக் 'கோட்டை' என்று அழைக்கிறோம். ஆனால் கோட்டையின் மதில் எங்கே? நகரைச் சூழ்ந்து நின்ற நெடுமதிலும் அகழியும் 19ஆம் நூற்றாண்டில் அகற்றப்பட்டுவிட்டன. 'மெயின் கார்டு கேட்' என வழங்கும் வாயில் மட்டும் பழங்கதை சொல்லிக்கொண்டு நிற்கிறது. மதில் நின்ற நாளில் இந்நகர் எவ்வாறு இருந்தது என்று அறிய விரும்புவோர்க்கு உதவும் சான்றுகளுள் சிறந்தவை, 1792ஆம் ஆண்டில் இங்கு வந்த இரண்டு ஆங்கில ஓவியர்கள் வரைந்த சித்திரங்களாகும். ஒன்று நகரைத் தென்கிழக்குத் திசையிலிருந்து கண்ட காட்சி; மற்றொன்று காவிரியாற்றிலிருந்து கண்ட குன்றின் தோற்றம்; வேறொன்று கோட்டையின் உட்பகுதி.

அவ்வோவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் ஆவர். தாமஸ் சிறிய தந்தை. வில்லியம் அவருடைய தமையனின் மகன். வில்லியத்துக்குச் சாமுவேல் என்று ஒரு தம்பியும் உண்டு. இம்மூவருடைய வரலாற்றில் ஓவியத்தின் பெருமையோடு உடன்பிறப்பின் பெருமையும் கலந்து நிற்கிறது.

தாமஸ் 1749ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தார். அவர் குடும்பத்தார் வழிப்போக்கர் தங்கும் விடுதி ஒன்றை நடத்தி வந்தனர். செல்வர் ஏறிச் செல்லும் குதிரை வண்டிகளுக்கு வண்ணம் தீட்டும் தொழிலை அவர் இளமையில் பயின்றார். அதிலிருந்து படிப்படியாக இயற்கைக் காட்சிகளை வரையும் கலைக்கு உயர்ந்தார். அவருடைய தமையன் 1779ஆம் ஆண்டில் காலமானார். அப்பொழுது வில்லியத்துக்கு வயது பத்து, சாமுவேலுக்கு நான்கு. தந்தையை இழந்த வில்லியத்தைச் சிறிய தந்தை தம்மிடம் சேர்த்துக்கொண்டார். அன்று தொடங்கி வில்லியத்துக்கு அவரே தந்தையும் ஆசானும் ஆனார்.

1785ஆம் ஆண்டில் தாமஸ் இந்தியாவுக்குப் புறப்பட்டார். ஏறத்தாழப் பதினாறு வயதினரான வில்லியம் உதவியாளராக உடன் வந்தார். பத்து வயதுச் சிறுவனான சாமுவேல் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டான். கடல் கடந்து செல்லும் தமையன் எப்பொழுது திரும்புவான் என்று அச்சிறுவன் அறிந்திருக்க இயலாது. உண்மையில் அவர்கள் மீண்டும் சந்திக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின.

சீனத்தின் வழியாகச் சென்ற இருவரும் 1786ஆம் ஆண்டில் கல்கத்தாவை அடைந்தனர். அந்நகரின் தெருக்களையும் மாளிகைகளையும் வரைந்து, பன்னிரண்டு படங்கள் கொண்ட தொகுதி ஒன்றை 1788க்குள் வெளியிட்டனர். பின்னர்க் கங்கையின் வழியே வட இந்தியாவில் நெடும்பயணம் செய்தனர். 1792ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கடல் வழியாகத் தெற்கே வந்து சென்னையில் இறங்கினர்.

அக்காலத்துச் சென்னையில் கப்பல் வந்து நிற்கத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலைகளின்மேல் ஏறி இறங்கி, மக்களையும் பொருள்களையும் கரை சேர்க்கும். அப்படகுகளைச் செலுத்தும் திறன் கடற்கரை மக்களுக்குக் கைவந்ததாகும். அத்தகைய கரையில் எழுந்த நகரத்தைத் தாமஸும் வில்லியமும் வரையத் தொடங்கினர். புனித ஜார்ஜ் கோட்டையை வரைந்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. கோட்டைக்கு வடக்கே இந்தியர் மிகுதியாக வாழ்ந்த பகுதியையும் ஒரு படத்தில் வரைந்தனர். ஆங்கிலேயர் அப்பகுதியைக் 'கறுப்பர் நகரம்' என்று அழைத்தனர். மனிதரை நிறத்தால் பிரித்துப் பெயரிட்ட அக்கால மனப்பான்மையை அச்சொல்லே காட்டுகிறது. அப்பெயர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாற்றப்பட்டு, அவ்விடம் 'ஜார்ஜ் டவுன்' ஆயிற்று. பெயர் இழிவாக இருந்தபோதிலும், வரைய வந்தவர்கள் அந்த இடத்தை ஒதுக்காமல் வரைந்தமையால், கடற்கரை நகரம் ஒன்றின் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முந்திய தோற்றம் நமக்குக் கிடைத்தது.

இவ்வோவியர்கள் தம் பயணங்களில் ஒரு கருவியைப் பயன்படுத்தினர். அதனை இருட்பெட்டி என்று கூறலாம். இருள் நிறைந்த பெட்டி ஒன்றில் சிறு துளையிட்டு, அதில் கண்ணாடி வில்லை ஒன்றைப் பொருத்துவர். வெளியிலுள்ள காட்சியின் ஒளி வில்லையின் வழியே உட்புகுந்து, சாய்த்து வைத்த ஆடியில் பட்டுத் திரும்பி, மேலே உள்ள பரப்பில் சிறு உருவமாக விழும். அங்குத் தாளை வைத்து, விழும் உருவத்தின் கோடுகளின்மேல் எழுதுகோலை ஓட்டினால் கட்டடங்களின் அளவும் தொலைவும் பிழையின்றி அமையும். 'கேமரா' என்பது இலத்தீன் மொழியில் அறை என்று பொருள்படும் சொல். இக்கருவிக்கு 'இருண்ட அறை' என்னும் பொருளில் அம்மொழியில் பெயரிட்டனர். இன்று நிழற்படம் எடுக்கும் கருவிக்கு வழங்கும் பெயர் அதிலிருந்தே வந்தது. இருட்பெட்டியில் உருவம் விழும், ஆனால் தங்காது. அதனைத் தங்கவைப்பதற்கு மனிதன் கையே வேண்டியிருந்தது.

1792 மார்ச்சில் மூன்றாம் மைசூர்ப் போர் முடிவுற்றது. அதனால் திறந்த வழிகளில் தாமஸும் வில்லியமும் தென்னாட்டுப் பயணத்தை மேற்கொண்டனர். இராயக்கோட்டை முதலிய மலைக்கோட்டைகள், மதுரையின் அரண்மனை, பாபநாசம், குற்றாலம் அருவிகள் ஆகியவற்றை வரைந்தனர். திருச்சிராப்பள்ளியையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் வரைந்தனர். வெயிலும் மழையும் பாராமல், கண்ட இடத்திலேயே கோடுகளை இட்டு வைத்தனர். 1793ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு மீண்டு, அங்கிருந்து பம்பாய்க்குச் சென்று, 1794ஆம் ஆண்டில் தாயகம் சேர்ந்தனர்.

கொண்டு சென்றவை வரைதாள்களே. அவை பல்லாயிரம் பேர் காணும் படங்களாக மாறுதல் எளிதன்று. அதற்கெனச் செப்புத் தகட்டில் படம் பொறிக்கும் முறை ஒன்றை அவர்கள் கையாண்டனர். தகட்டின்மேல் குங்கிலியத்தைப் போன்ற பிசின் தூளைத் தூவிச் சூடாக்குவர். தூள் உருகித் தகட்டில் சிறு மணிகளாக ஒட்டிக்கொள்ளும். பின்னர்த் தகட்டை அமிலத்தில் இடுவர். மணிகளுக்கு இடைப்பட்ட செம்பை மட்டும் அமிலம் அரிக்கும். வெண்மையாக இருக்கவேண்டிய இடங்களை மெருகெண்ணெயால் மூடிவிடுவர். சிறிது நேரம் அரிக்கவிட்ட இடம் வானத்தின் மெல்லிய நிழலாகும். நெடுநேரம் அரிக்கவிட்ட இடம் குகையின் காரிருளாகும். கணக்குத் தவறினால் பல நாள் உழைப்பு ஒரு நாழிகையில் பாழாகும். இறுதியில் மையிட்டு அச்சேற்றி, கையால் வண்ணம் தீட்டுவர்.

இக்கலையில் வில்லியம் ஈடற்ற தேர்ச்சி பெற்றார். திரும்பி வந்தபின் பல ஆண்டுகள் இரவு பகல் பாராது அதிலேயே உழைத்தார். அவ்வுழைப்பின் பயனாக 'கீழைநாட்டுக் காட்சிகள்' என்று பொருள்படும் பெயருடைய பெருந்தொகுதி 1795 முதல் 1808 வரை ஆறு பகுதிகளாக வெளிவந்தது. அதில் உள்ள படங்கள் 144. திருச்சிராப்பள்ளியும் சென்னையின் தெருவும் அத்தொகுதியிலேதான் உள்ளன. இளமையின் பெரும் பகுதியை வில்லியம் சிறிய தந்தையின் பணிக்கே அளித்தார் எனலாம்.

இனி, இங்கிலாந்தில் தங்கிய தம்பியின் கதையைக் காண்போம். தமையன் திரும்பியபோது சாமுவேல் பத்தொன்பது வயது இளைஞர். அவரும் ஓவியக் கலையையே தேர்ந்துகொண்டார். தமையனைப் போலவே கடல் கடக்கும் விருப்பம் அவரையும் பற்றிக்கொண்டது. ஆனால் தமையன் சென்ற திசையில் அவர் செல்லவில்லை. 1799ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் புறப்பட்டார். அங்கிருந்து 1801ஆம் ஆண்டில் உள்நாட்டுக்குச் சென்ற குழு ஒன்றில் ஓவியராகச் சேர்ந்து, ஸ்வானா மக்கள் வாழ்ந்த ஊர்வரை சென்றார். ஐரோப்பியர் அறியாத அம்மக்களின் முகங்களையும், குடிசைகளையும், ஆடை அணிகளையும் வரைந்தார். தமையனின் படங்களில் கட்டடம் பெரிதாகவும் மனிதர் சிறியராகவும் காணப்படுவர். தம்பியின் படங்களிலோ மனிதரும் விலங்குகளுமே முன்னிற்பதைக் காணலாம்.

1804, 1805ஆம் ஆண்டுகளில் ஆப்பிரிக்கக் காட்சிகளும் விலங்குகளும் பற்றிய அவருடைய தொகுதி, 30 படங்களோடு லண்டனில் வெளிவந்தது. அதில் குவாகா என்னும் விலங்கின் படம் ஒன்று உள்ளது. வரிக்குதிரை இனத்தைச் சார்ந்த அவ்விலங்கு முன்பகுதியில் வரிகளும் பின்பகுதியில் பழுப்பு நிறமும் உடையது. சாமுவேல் தென்னாப்பிரிக்காவில் இருந்த நாளில் அது மந்தை மந்தையாக மேய்ந்தது. இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் மனிதர் அதனை வேட்டையாடினர். கூண்டில் எஞ்சியிருந்த கடைசிக் குவாகா 1883ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகர விலங்குச்சாலையில் மடிந்தது. இன்று உலகில் ஒரு குவாகாவும் இல்லை. அது வாழ்ந்த காலத்தில் அதன் நாட்டுக்கே சென்ற ஓவியர் ஒருவரின் படம் இருக்கிறது. 'நாளை வரையலாம்' என்று அவர் அன்று எண்ணியிருந்தால், அந்தச் சான்றும் இல்லாமற் போயிருக்கும்.

ஆப்பிரிக்கத் தொகுதி வெளிவந்தபின் சாமுவேல் இலங்கைக்குச் சென்றார். அரசாங்கத்தில் காடுகளைக் கண்காணிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. காட்டில் அலையும் பணி ஓவியருக்கு இனியதாயிற்று. யானையையும் புள்ளிமானையும் தாளிப்பனையையும் திருக்கோணமலைத் துறைமுகத்தையும் வரைந்தார். 12 படங்கள் கொண்ட இலங்கைத் தொகுதி 1808ஆம் ஆண்டில் லண்டனில் வெளிவந்தபோது அவர் இலங்கையிலேயே இருந்தார். அதன்பின் அவர் தாயகம் திரும்பவே இல்லை. 1811ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், 36ஆம் வயதில், இலங்கையிலேயே மறைந்தார்.

ஒருவர் இளமையில் மறையும்போது அவர் முடிக்காமல் விட்ட பணியும் அவருடன் மறைவது உலக இயல்பு. சாமுவேலின் ஆப்பிரிக்க வரைதாள்களுள் அச்சேறாதவை பல இருந்தன. வண்ணம் மங்கும், தாள் மட்கும், வைத்திருப்பவர் கைமாறினால் அவை எங்கே போயின என்பதையும் அறிய இயலாது. வரைந்தவரின் பெயரும் மெல்ல மறையும்.

அக்காலத்தில் வில்லியம் ஓய்ந்திருந்தவர் அல்லர். தம் வாழ்நாளின் மிகப் பெரிய பணியை அவர் அப்போதுதான் மேற்கொண்டிருந்தார். பிரிட்டன் தீவின் கடற்கரை முழுவதையும் சுற்றி, துறைமுகங்களையும் கடலோர நகரங்களையும் கலங்கரை விளக்கங்களையும் வரைந்து வெளியிடுவது அப்பணி. 1814 முதல் 1825 வரை அது நடந்தது. அத்தொகுதியின் படங்கள் 308. அவை அனைத்தையும் வரைந்தவரும் பொறித்தவரும் அவரே. அத்தனை சுமைக்கும் இடையில், 1820ஆம் ஆண்டில், தம்பியின் தென்னாப்பிரிக்க வரைபடங்களைத் தம் கையாலேயே செப்புத் தகட்டில் பொறித்துத் தனித் தொகுதியாக வெளியிட்டார். தம்பி மறைந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

இந்நூலின் முகப்பில் ஒரு செய்தி கருதத்தக்கது. காலஞ்சென்ற சாமுவேல் டேனியல் வரைந்த படங்கள் என்றும், அவற்றைப் பொறித்தவர் வில்லியம் டேனியல் என்றும் அதில் குறிக்கப்பட்டுள்ளது. அப்போது தம்பியைவிடத் தமையனே புகழ் மிக்கவர். தம் பெயரை முன்வைத்திருந்தால் நூல் எளிதில் விலைபோயிருக்கும். நூலை விற்றுப் பொருள் ஈட்டுதலும் அவர் தொழிலே. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், கண்டது தம்பியின் கண் என்பதை உலகறியச் சொல்லித் தம்மைப் பொறித்தவராக மட்டும் நிறுத்திக்கொண்டது பெருந்தன்மையன்றோ? பிறர் செய்த நன்மையைத் தமதாகக் காட்டிக்கொள்வோர் மிகுந்த உலகில், உடன்பிறந்தான் பெற வேண்டிய புகழை அவனுக்கே சேர்ப்பித்தல் ஓர் அறமாகும். பரதன் அண்ணனின் பாதுகையை அரியணையில் வைத்துத் தான் கீழே அமர்ந்த கதையை நாம் போற்றுகிறோம். ஈண்டு ஓர் அண்ணன் தம்பியின் சித்திரங்களை முன்வைத்துத் தான் பின்னே நின்றான்.

வில்லியத்தின் நேர்மை இவ்வாறு தம்பியின் பெயரைக் காத்தது. ஆயினும் அக்குடும்பத்தின் இந்தியப் படங்களில் ஒரு குறை உண்டு. தென்னாட்டுக் காடுகளிலும் மலைகளிலும் அவ்வோவியர்களைப் பல்லக்கில் சுமந்தவர் பலர். வழி காட்டியவர், சமைத்தவர், வரைகருவிகளைத் தூக்கி வந்தவர் பலர். கல்கத்தாவில் தகடு பொறிக்கவும் அச்சேற்றவும் உள்நாட்டுக் கைவினைஞர்கள் உதவினர். அவர்களுள் ஒருவர் பெயரேனும் எந்தப் படத்தின் அடியிலும் இல்லை. படத்தின் ஓரத்தில் தலைப்பாகையுடன் நிற்கும் மனிதனுக்கும் ஒரு பெயர் இருந்தது. ஒரு தாய் இருந்தாள். ஒரு தம்பியும் இருந்திருப்பான். கும்பினி ஆட்சியில் வந்தவர்களுக்கு அதனைக் கேட்டறியத் தோன்றவில்லை. தம்பியின் பெயரைக் காக்கத் தெரிந்த கை, சுமந்தவர் பெயரைக் காக்கத் தவறியது. அவர்கள் செய்த நன்மையைப் போற்றும் நாம் இக்குறையையும் உணர்தல் வேண்டும். நாம் அதனைச் செய்யாதிருத்தலும் வேண்டும்.

வில்லியம் 1837ஆம் ஆண்டிலும் தாமஸ் 1840ஆம் ஆண்டிலும் மறைந்தனர். அவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையே, 1839ஆம் ஆண்டில், ஒளி எழுதும் உருவத்தை வேதிப்பொருள்களால் தங்கவைக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இருட்பெட்டியே நிழற்படக் கருவி ஆயிற்று. 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரரான லின்னேயஸ் டிரைப், மெழுகூட்டிய தாளைப் பயன்படுத்தித் திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் நிழற்படமாக எடுத்தார். அக்காலக் கருவிக்கு ஒளி நெடுநேரம் வேண்டும்; அசைவன அதில் பதியா. ஆகவே மக்கள் நடமாடும் தெருவும் அதில் வெறிச்சோடித் தோன்றும். ஓவியன் தன் விருப்பப்படி மனிதரைச் சேர்ப்பான். பழைய நிழற்படமோ இருந்த மனிதரையும் விட்டுவிடும். இரண்டையும் ஒப்பிட்டுக் காண்பவரே உண்மையை அணுகுவர்.

1990ஆம் ஆண்டுகளில் அந்தோனியோ மார்த்தினெல்லி என்னும் இத்தாலிய நிழற்படக் கலைஞர் டேனியல்களின் படங்களைக் கையில் கொண்டு இந்தியாவெங்கும் பயணம் செய்தார். அவர்கள் நின்ற இடங்களைத் தேடிக் கண்டு, அதே கோணத்தில் நிழற்படம் எடுத்தார். சில இடங்கள் இரண்டு நூற்றாண்டு கடந்தும் மாறாதிருந்தன. சில அடையாளமே தெரியாதவாறு மாறியிருந்தன. பழைய படம் இல்லையேல், எது மாறியது என்பதையே நாம் அறிய இயலாது. டேனியல்களின் ஓவியங்கள் பல இன்று கல்கத்தா விக்டோரியா நினைவகத்தில் பேணப்பட்டு வருகின்றன.

இக்காலத்தில் நிழற்படக் கருவி இல்லாத வீடு அரிது. வில்லியம் பல நாள் உழைத்துப் பெற்றதை நாம் ஒரு நொடியில் பெறுகிறோம். ஆனால் எடுத்த படங்களில் எத்தனையைப் பேணுகிறோம்? எத்தனை படங்களுக்கு நாளும் இடமும் அதில் உள்ளவர் பெயரும் குறித்து வைக்கிறோம்? துவாக்குடியில் வாழும் மாணவன் தன் தெருவை இன்று படம் எடுத்து, எத்திசையிலிருந்து எடுத்தான், எந்நாளில் எடுத்தான், கடையில் அமர்ந்திருப்பவர் யார் என்று அதன் அடியில் எழுதி வைப்பானாயின், ஐம்பது ஆண்டு கழித்து அத்தெருவின் வரலாற்றை எழுதுவோர் அவனுக்கு நன்றி கூறுவர். வீட்டில் தங்கை வரைந்த கோலத்தையோ தம்பி தீட்டிய படத்தையோ, "சிறுபிள்ளை வேலை" என்று எறிந்துவிடாமல், அவர் பெயரோடு பேணுவோமாயின் அதுவும் அத்தகைய தொண்டே ஆகும்.

சாமுவேல் தம் வரைதாள்கள் பிழைக்குமா என்று அறியாமலே இலங்கையில் கண் மூடினார். அவை பிழைத்தன, அவற்றின் முகப்பில் அவர் பெயரும் பிழைத்தது. அது தமையன் தம்பிக்குச் செய்த கடன்.